மூன்றரை மணிக்கு உறையும் முகங்கள்

மூன்றரை மணி நெருங்கினாலே பின்ஸி கடிகாரத்தையே பார்க்க ஆரம்பித்துவிடுவாள். கேரளத்துப் பாலா ஊரில், ரப்பர் தோட்டத்து வீட்டில் இருந்தபடியே, வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாக இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவள் அவள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளுக்கென்று அமைந்த ஒரே வேலை. வகுப்பு ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் திரையில் முகங்களெல்லாம் வாயைப் பிளந்தபடி உறைந்துவிடும். இரண்டு புகார் போயாகிவிட்டது. இன்றைக்கு மேலதிகாரியே வகுப்பில் உட்காரப் போகிறார். இன்றும் உறைந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். வீட்டிலேயே கிடப்பவளை எங்கே போகச் சொல்வார்களோ!

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. வைஃபை பெட்டியைத் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலிருந்து இறக்கி ஜன்னலில் வைத்தாள். மைக்ரோவேவைப் பிடுங்கிப் போட்டாள். படுக்கையறையில் இருந்த மேஜையைப் பெட்டிக்குப் பக்கமாக ஹாலுக்கே இழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் இன்னும் மோசம். முன்பு ஒரு நிமிஷம் நின்றது இப்போது கால் மணி நேரம் நின்றது. நிற்கும் நேரங்களைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தாள்.

மத்தியானம் கேபிள்காரர் தங்கச்சன் வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு அந்தத் தாளைப் பார்த்தார்.

"பன்னெண்டரை, மூணரை, ஆறரை. மோளே, கோளாறுக்கு ஏது கடிகாரம்? இது ஆள் பண்ற வேலை."

"பயமுறுத்தாதீங்க சேட்டா."

சொல்லி வாய் மூடவில்லை, இணைப்பின் தாமதத்தைக் காட்ட அவர் திரையில் ஓடவிட்டிருந்த எண் முப்பதிலிருந்து இரண்டாயிரத்துக்கு எகிறியது. மணி பன்னிரண்டரை. தங்கச்சன் பெட்டியின் கணக்கைத் திறந்து, வீட்டில் எது எவ்வளவு நெட் இழுக்கிறது என்று பார்த்தார். பிறகு ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை யாரோ இப்பத் திறந்து பாக்குறாங்க. படம் பூரா வெளிய பாயுது. அப்புறம் உன் கிளாஸ் எந்த வழியாப் போகும்?"

கேமராவைப் பொருத்தியது குவைத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஜோபிஷ். போன லீவில் வந்தபோது, "அப்பச்சன் விழுந்து கிடந்தாத் தெரியணுமில்ல" என்றான். அவனைப் பெற்ற அப்பச்சனோ விடிந்ததிலிருந்து இருட்டும் வரை முன்வாசல் நாற்காலியை விட்டு அசையமாட்டார். அவருடைய கால் விரல்கூட அந்தக் கேமராவில் விழாது.

தங்கச்சன் போனதும் பின்ஸி விரல் விட்டு எண்ணினாள். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். பன்னிரண்டரை அவனுக்குப் பத்து மணி டீ. மூன்றரை அவனுக்குச் சாப்பாட்டு நேரம். ஆறரைக்கு அவன் டியூட்டி முடியும். மேஜையை ஹாலுக்கு இழுத்த நாளையும் நினைத்துப் பார்த்தாள். சிக்னலைத் தேடி நேராக அந்தக் கண்ணுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்று இருபத்தைந்துக்குக் கேமராவின் பிளக்கைப் பிடுங்கினாள்.

வகுப்பு ஓடியது. எண் முப்பதைத் தாண்டவில்லை. ஆனால் மூன்று முப்பத்திரண்டுக்கு மேஜையில் ஃபோன் அதிர ஆரம்பித்து, நாற்பத்தைந்து நிமிஷமும் ஓயவில்லை. சிரித்த முகத்தோடு பாடம் நடத்தினாள்.

"தடங்கலே இல்ல பின்ஸி, தொடர்ந்து பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் மேலதிகாரி. ஃபோனில் ஜோபிஷின் பத்தொன்பது தவறிய அழைப்புகள். இருபதாவதை எடுத்தாள்.

"கேமரா ஏன் நின்னுச்சு?"

"இச்சாயா, அதாலதான் என் கிளாஸ் நிக்குது. வேலையே போயிருக்கும்."

"அதைக் கேக்கல. மத்தியானம் உன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தவன் யாரு?"

வாசலில் அப்பச்சன் இருமினார். இந்த வீட்டில் அவர் ஒருவர் இருக்கிறார் என்பதே ஜோபிஷுக்கு ஞாபகம் இல்லை.

"கேபிள்காரர். இணைப்பைப் பாக்க வந்தாரு."

"பிளக்கைப் போடு. இப்பவே."

பிளக் அவள் கையில்தான் இருந்தது. பயம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

"நாளைக்கும் மூணரைக்குக் கிளாஸ் இருக்கு. அப்பச்சனைப் பாக்கணும்னா அவருக்கு ஃபோன் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு வாசலுக்குப் போய் நின்றாள். அப்பச்சனின் மடியில் அவருடைய ஃபோன் கிடந்தது. அது அடிக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அது அடிக்கவில்லை. உள்ளே மேஜைமேல் அவளுடையதுதான் மறுபடி அதிர ஆரம்பித்தது.