மாலை போட்ட கொக்கி

போன வியாழக்கிழமை நான் ஒரு பட்டனை அமுக்கினேன். அதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதுகூட நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வருகிறேன்.

என்ன பட்டன்? சொல்கிறேன்.

வெளிநாடுகளில் சரக்கு ரயில் போகிற போக்கிலேயே கேமராவால் படம் பிடித்து, எந்தப் பெட்டியில் கோளாறு என்று கம்ப்யூட்டரைச் சொல்ல வைக்கப் பார்க்கிறார்கள். மொரீஷியசில் சரக்கு ரயிலே கிடையாது, எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதனாலென்ன? ஒரு டிராக்டர், பின்னால் மூன்று டிரெய்லர் நிறையக் கரும்பு... இங்கே சரக்கு ரயில் அதுதான். செமின் கிரனியே என்ற ஊர்ப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தின் கேட்டில் இந்த வித்தையைச் செய்து காட்டத்தான் என்னை மதராஸிலிருந்து வரவழைத்தார்கள்.

டிரெய்லரை இணைக்கிற கொக்கியில் ஓர் இரும்பு முளை செருகியிருக்கும். அது சரியாக இருந்தால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சிவப்பு, கேட் திறக்காது. சரியான கொக்கி எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க, அறுவடையின் முதல் நாளன்று வரிசையாகப் படம் எடுத்தேன். எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. இதைவிட நல்ல நாள் ஏது?

முதல் நாள் என்றால் இங்கே பூஜை. கற்பூரம், தேங்காய் — கொக்கிக்குக் கொக்கி மஞ்சள் செண்டுப்பூ மாலை.

மறுநாள் மாலைகள் இல்லை. மாலை இருந்தால்தான் கொக்கி சரி என்று கற்றிருந்த கம்ப்யூட்டர் மஞ்சளைத் தேடியது. காணோம். வந்த டிரெய்லருக்கெல்லாம் சிவப்பு! மறுபடி படம் எடுக்க அரை நாள் கேட்டை மூட வேண்டும், சர்க்கரை ஆலைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே சிவப்பு எரியும், நான் பட்டனை அமுக்கிக் கேட்டைத் திறப்பேன். எரியும், அமுக்குவேன். ஒரு வாரம் இதே பிழைப்பு.

கேட்டில் ராமென் என்று ஒருவர். இத்தனை வருஷமும் குனிந்து குனிந்து முளையைப் பார்த்து வண்டிகளை அனுப்பியவர். தமிழர்தான்; கோவிலில் தமிழ், மற்ற இடமெல்லாம் இந்த ஊர் பாஷையான கிரியோல். கேமரா வந்துவிட்டது, இனிமேல் குனிய வேண்டாம் என்று அவரிடம் சொன்ன புத்திசாலி நான்.

வியாழன், நாலு மணிக்குச் சற்று முன்னால். சிவப்பு. அமுக்கினேன். வண்டி போய்விட்டது. அப்புறம்தான் ஸ்கிரீனைப் பார்த்தேன். கடைசி டிரெய்லரின் முளை பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது.

கேட்டைத் தாண்டினால் இறக்கம். இறக்கத்தின் அடியில் ஸ்வெட்டர் ஃபேக்டரி. நாலு மணிக்கு ஷிஃப்ட் விட்டால் நூற்றுக்கணக்கான பெண்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நடப்பார்கள். ராமெனின் மனைவி தேவியும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

ராமெனிடம் படத்தைக் காட்டினேன். உடனே மொபெட்டை உதைத்தார், நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். முன்னால் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கரும்புப் பாரம் துள்ளியது. இதோ கழன்றது, இதோ கழன்றது... ஃபேக்டரிக்கு நூறு கஜம் இருக்கும்போது முந்திப் போய் வண்டியை மறித்தோம்.

ராமென் குனிந்தார். முளை நுனியில் நின்றது. ஒரு கல்லால் தட்டி இறக்கி, கம்பியால் கட்டினார். பிறகு கிரியோலில் என்னை மிஸ்யே, அதாவது ஐயா, என்று கூப்பிட்டுக் கேட்டார்:

"சிவப்பு எரிஞ்சுதா, மிஸ்யே?"

"எரிஞ்சுது."

கல்லை ஓரமாகப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

ஓயாமல் தப்பாகக் கத்துகிற ஒன்றின் வாயை அடைக்க எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறோம்! அது ஒருநாள் நிஜத்தைச் சொன்னால், காது கேட்பதற்குள் விரல் முந்திக்கொள்கிறது. (மறுநாள் யாரையும் கேட்காமல் கேட்டை அரை நாள் மூடிப் புதுப் படம் எடுத்தேன். அது வேறு விஷயம்.)

நாங்கள் அங்கே நிற்கும்போதே ஃபேக்டரிச் சங்கு ஊதியது. பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். வேலை நேரத்தில் கணவரைப் பார்த்ததும் தேவிக்கு முகம் மாறிவிட்டது. "கி ஆரிவே?" என்ன ஆச்சு என்று பதறினார்.

"ஒண்ணுமில்லை. உன்னைக் கூட்டிப்போக வந்தேன்" என்றார் ராமென்.

கல்யாணமான பதினாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவையாம். தோழிகள் அத்தனை பேரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் தேவி மொபெட்டில் ஏறினார்.

நான் அவ்வளவு மேட்டையும் நடந்தே ஏறினேன். வேண்டும் எனக்கு.