திமிங்கலத்தை நிறுத்தியவள்

புஸ்ஸென்று ஒரு சத்தம். லாரியின் ஏர்பிரேக் காற்றை விடும் சத்தம். திருவொற்றியூரில் எங்கள் தெரு முனையில், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் நின்று நின்று நகரும். நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். தெருவில் யாருக்கும் அது காதில் விழுவதே இல்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கை வியர்க்கிறது. இரண்டு கோடைக்கு முன்னால், நகரத்தின் தென்கோடியில் கடலோரமாக இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவில், சாயங்கால ஊர்வலத்துக்கு நடுவில் என் மகள் போய் நின்றாள். அன்றிலிருந்து இப்படி.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பேச்சு வரவில்லை. சொல்ல வேண்டியதோ நிறைய இருந்தது.

நான் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சிக்னல்மேன், கிரேனுக்குக் கை காட்டுகிறவன். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கூண்டில் இருப்பார். காற்று, எஞ்சின், இரும்பு மோதும் ஓசை. குரல் போய்ச் சேராது, கைதான் பேச வேண்டும். சுட்டுவிரலை மேலே நீட்டி வட்டம் போட்டால் தூக்கு. கீழே நீட்டி வட்டம் போட்டால் இறக்கு. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டால் அப்படியே இரு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வீசினால், நிறுத்து, இந்த நொடியே நிறுத்து.

ஒருநாள் சாப்பிடும்போது விளையாட்டாகக் காட்டினேன். யார் முகத்தையும் பார்க்காத பெண் என் கைகளையே பார்த்தாள். ஒரு வாரத்தில் எல்லாம் அவளுடையதாகிவிட்டது. ஃபேனைக் கூட்ட, டிவி சத்தத்தைக் குறைக்க, மிக்சியை நிறுத்த. அவள் கை வீசினால் அரைத்த சட்னி அரைகுறையாக நிற்கும். அவள் அம்மா சிரித்துக்கொண்டே அம்மியைத் தேடுவாள்.

வீட்டுக்குள் இதெல்லாம் சரி. வெளியே எனக்கு உடம்பு கூசும். ஷேர் ஆட்டோவில் கை நீட்டுவாள், பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார். தெருப் பசங்க, “டேய், கிரேன் வருதுடா, ஒத்திக்கோ!” என்பார்கள். அதனால் நான் ஒரு வழி பழகிக்கொண்டேன். வெளியே கால் வைத்ததும் அவளுடைய இரண்டு கைகளையும் என் ஒரு கைக்குள் பிடித்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள் பாசமான அப்பா என்று நினைத்திருப்பார்கள். நானும்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

என் போனில் அந்தப் பூங்கா ஊர்வலத்தின் வீடியோ ஒன்று முன்பே இருந்தது. நாற்பது நொடி. அலங்கார வண்டிகள், நீலத் துணி பறக்க ஆடுகிறவர்கள், கடைசியில் வாயைத் திறந்து மூடும் பெரிய திமிங்கலம். ஒரு நாளைக்கு நூறு முறை பார்ப்பாள். எப்போதும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். ஏதோ பட்டனைத் தெரியாமல் அமுக்குகிறாள் என்று நான் சத்தத்தைத் திரும்பக் கூட்டிக் கொடுப்பேன். மறுபடி அணைப்பாள். எத்தனை முறை நடந்தது இது! எனக்கு உறைக்கவில்லை.

வார நாள் ஒன்றில் லீவு போட்டு, மூவரும் மெட்ரோ ஏறி, இறங்கி, பஸ் மாறிப் போனோம். ஊர்வலத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கயிற்றோரமாக முதல் வரிசையில் இடம் பிடித்தேன். பெருமையாக இருந்தது. தலைக்கு மேலே, ஆளுயர ஒலிபெருக்கி. அதைப் பார்த்தேன். ‘நல்லாக் கேட்கும்’ என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் சாய்ந்தது. கொட்டு வெடித்தது. அதைப் பாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெஞ்செலும்பில் யாரோ குத்துகிற மாதிரி இருந்தது. மகளின் கைகள் பக்கவாட்டில் விரிந்தன. உள்ளங்கை தரையைப் பார்த்தது. வீசினாள். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தர் திரும்பிப் பார்த்து, தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். யாரோ போனைத் தூக்கினார்கள். நான் அவள் கைகளைப் பிடித்து இறக்கினேன். விரிந்தன. இறக்கினேன். விரிந்தன. கடைசியில் இரண்டையும் என் வலது கைக்குள் இறுக்கிப் பூட்டினேன்.

“அவ இன்னாமோ சொல்றாய்யா. கைய வுடு,” என்றாள் மனைவி.

“சும்மா இரு. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். பாக்கறதுக்குத்தான வந்துகீறாங்க!”

நான் விடவில்லை. என் பிடிக்குள் அந்த விரல்கள் புரண்டதை இப்போதும் உணர்கிறேன். வலைக்குள் மீன் புரளும், தெரியுமல்லவா, அப்படி. யானை வேஷம் போயிற்று, மயில் வேஷம் போயிற்று. அவள் எதையும் பார்க்கவில்லை. தோளில் ஒரு காதை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தூரத்தில் திமிங்கலம் திரும்பியது. இதைப் பார்த்தால் தெளிந்துவிடுவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. அதை வீடியோ எடுக்கத்தான் போனுக்காகக் கையை எடுத்தேன்.

அவ்வளவுதான். கயிற்றுக்கு அடியில் குனிந்தாள், போய்விட்டாள்.

ஓடவில்லை. நடந்து போய்ப் பாதையின் நடுவில், கால்களை அகட்டி, நான் யார்டில் நிற்பேனே, அச்சு அசலாக அதே மாதிரி நின்றாள். எதிரே திமிங்கலம். லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய ஃபைபர் உடம்பு, முதுகில் ஆறு பேர் ஆடுகிறார்கள், வாய் திறந்து மூடுகிறது. ஓட்டுகிறவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. அவள் இரண்டு கைகளையும் விரித்து வீசினாள். போன் என் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. என் கால்கள் நகரவில்லை. கத்தினேனா, அதுவும் ஞாபகமில்லை.

புஸ்ஸென்று அந்தச் சத்தம்.

வண்டி நின்றது. அவளுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு முழம் இருக்கும்.

காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடி அவள் தோளைப் பிடித்தார். அப்போது திமிங்கலத்தின் வாய்க்குள்ளிருந்து ஒரு குரல், எங்கள் பேட்டைக் குரல்: “அட, அத்த ஏன்யா இஸ்துகினு போற? கொழந்த சிக்னல் குடுத்துகினு கீது, கண்ணு தெர்ல? கம்முனு நில்லு!”

காவலாளி கையை எடுத்தார். அவள் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினாள். சுட்டுவிரலைக் கீழே நீட்டி வட்டம் போட்டாள்.

“பாட்ட எறக்கச் சொல்லுதுய்யா! ஆஃப் பண்ணச் சொல்லு!”

வாக்கி டாக்கியில் யாரோ யாரிடமோ சண்டை போட்டார்கள். பிறகு கொட்டு நின்றது. கடல் கேட்டது. அவள் வயிற்றுக்கு முன்னால் கைகளைக் கோத்துக்கொண்டாள். அப்படியே இரு. முதுகில் ஆடியவர்கள் தூக்கிய கையோடு இருந்தார்கள். காவலாளி இருந்தார். அத்தனை ஜனமும் இருந்தது. மனைவி கயிற்றைத் தாண்டிப் போய் அவளைத் தொடாமல் பின்னால் நின்றுகொண்டாள்.

எங்கள் யார்டில் ஒரு விதி உண்டு. தூக்கு, இறக்கு என்று காட்டும் உரிமை சிக்னல்மேன் ஒருவனுக்குத்தான். ‘நிறுத்து’ மட்டும் யார் காட்டினாலும் செல்லும். டீ கொண்டுவருகிறவர் காட்டினாலும், வழி தப்பி உள்ளே வந்தவர் காட்டினாலும் செல்லும். முதலில் நிறுத்த வேண்டும், ஏன் என்று பிறகுதான் கேட்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களைக் காலையில் வரிசையாக நிற்க வைத்து இதைச் சொல்லித் தருகிறவன் நான்தான். பதினாறு வருஷமாகச் சொல்லித் தருகிறேன். அந்தச் சாயங்காலம் ஒருத்தி என் பக்கத்தில் நின்று எனக்கு அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

திமிங்கலத்தின் தாடைக்கு அடியில் கறுப்பு வலை போட்ட ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து, வியர்வையில் குளித்த ஓர் ஆள் இறங்கினார். என் வயதுதான் இருக்கும். மனைவி கும்பிட்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

“எங்க கத்துகினா? நான் தண்டையார்பேட்டை. பன்னெண்டு வருசம் ட்ரைலர் ஓட்டிகினு இருந்தவன். இந்தக் கைக்கு நிக்கலன்னா அங்க ஆளு காலி. கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி காலு பிரேக்ல பூட்ச்சு.”

மனைவி என்னைக் காட்டினாள். நான் சிக்னல்மேன் என்று சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். “சிக்னல்மேனா நீ? அந்த வலை வழியா நான் பாத்துகினேதான் வந்தேன் நைனா. யாரோ ஒர்த்தன் கொழந்தை கைய அமுக்கிகினு கீறானேன்னு.” திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மேற்பார்வையாளர் கூச்சல் போட, ஊர்வலத்தை நகர்த்த வேண்டியிருந்தது. போகும்போது அவர் மனைவியிடம், “பின்னால ஷெட்டுக்கு இட்டுகினு வாம்மா. அங்க பாட்டு கெடையாது,” என்றார்.

போனோம். ஷெட் வாசலில் டீசல் வாசனை. அலங்கார வண்டிகள் ஒவ்வொன்றாக விளக்கணைந்து உள்ளே வந்தன. யானைத் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் தண்ணீர் குடித்தார். மயில் தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டது. சக்கரம் உருளும் சத்தம் மட்டும். மகள் கண்ணைத் திறந்து, யானையிலிருந்து திமிங்கலம் வரை, ஒன்று விடாமல் பார்த்தாள். வீடியோவில் அவள் பார்த்த ஊர்வலம் இதுதான். நான் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இரண்டு பக்கமும் தளர்ந்து சும்மா தொங்கின. பூட்டாமல், பிடிக்காமல் அவை அப்படி இருந்து வெளியிடத்தில் நான் கண்டதே இல்லை.

“அங்க கன்டெய்னர் பொட்டி இஸ்தேன், இங்க மீனு இஸ்கறேன். ரெண்டும் ஊர்கோலந்தான்,” என்று சிரித்தார் திமிங்கலத்தை ஓட்டியவர்.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இன்றும் கூட்டத்தைக் கண்டால் என் கை அவள் கையைத் தேடிப் போகிறது. பாதி வழியில் திரும்ப இழுத்துக்கொள்கிறேன். அவள் சொல்லாமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை, கேட்க வேண்டியவன்தான் கையை அமுக்கிக்கொண்டு நின்றேன் என்பது எனக்குள் இருப்புக் கொள்ளாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அன்று ஷெட்டில், அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளிருந்து ஆள் கூப்பிட்டார்கள். திமிங்கலத்துக்காரர் என்னிடம் விடைபெறவில்லை. மகளுக்கு எதிரே வந்து, தொடாமல், கொஞ்சம் தள்ளிக் குனிந்து நின்றார். எங்கள் பக்கம் வேலைத்தளத்தில் மூத்தவரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்:

“நான் போவட்டா, மேஸ்திரி?”