இருமல்காரியின் மூக்கு

ஆலிவ் எண்ணெய் ஆலையில் அவளுக்கு இருமல்காரி என்று பெயர். சீக்கு ஒன்றும் இல்லை, இருமுவதுதான் பிழைப்பு. எண்ணெயை நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். நிறத்தைப் பார்த்து யாரும் மயங்கிவிடக் கூடாதென்றுதான் நீலம். உள்ளங்கையில் வைத்து இளஞ்சூடாக்கி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, பல்லிடுக்கில் காற்றைச் சர்ரென்று உறிஞ்சுவாள். நல்ல எண்ணெய் என்றால் வெட்டிய புல்லின் வாசனை வரும், நாக்கு கசக்கும், தொண்டை காந்தும். உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிற சத்துகளில் ஒன்றுதான் அப்படிக் காந்துகிறது. அவள் இருமினால் முதலாளியின் முகம் மலரும்.

வீட்டில் சமையல் அவள் புருஷனுடையது. தையற்காரர். எண்ணெய்ப் பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னல் வெயிலில் வைப்பார். கைக்கு எட்ட வேண்டுமாம். சூடும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப்போகும் என்று அவள் இருட்டு அலமாரிக்கு மாற்றுவாள். மறுநாள் அது ஜன்னலில் நிற்கும். கல்யாணமான நாள் முதல் இந்தச் சண்டை ஓயவில்லை.

அந்த வருஷம் அறுவடை தொடங்குமுன் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கின் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாசனை தெரியாதவளுக்குத் தரம் பார்க்கிற மேசையில் என்ன வேலை? நல்லவேளையாகத் தொண்டை பழையபடி காந்தியது. இருமல் வந்தால் முதல் தரம், வராவிட்டால் மட்டம் என்று சமாளித்தாள்.

ஒரு சாயங்காலம் தக்காளித் துண்டுகளின் மேல் எண்ணெய் ஊற்றி வைத்தார் புருஷன். அவள் தட்டைக் காலி செய்தாள். அவர் ஒரு வாயோடு நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அது போன வருஷத்துப் பாட்டில், சிக்கு வாடை அடிக்கிறது, கைமறதியாக ஊற்றிவிட்டேன் என்றார்.

“உங்க மனசு நோகக் கூடாதேன்னு சும்மா இருந்தேன்” என்றாள்.

“உனக்கு எப்பலேருந்து இந்த இரக்கம்?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுநாள் காலையில் நேராக முதலாளியிடம் போனாள். தான் முதல் தரம் என்று சொன்ன எண்ணெயையெல்லாம் வேறு ஆளை வைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னாள். கடைசிப் பீப்பாயில் முதலாளியின் மூக்கே சுருங்கியது. மூட்டையில் கிடந்து புழுங்கிய காயில் ஆட்டியது.

“தொண்டை காந்துது, சரி. நனைஞ்ச சாக்கு நாத்தம் அடிக்குதேம்மா. இன்னைக்கு பாட்டில்ல அடைக்க இருந்தோம்.”

அவர் திட்டவில்லை. மூக்கு திரும்பினால் வா என்றார். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அவள் வீட்டோடு இருந்தாள். தினமும் சமைக்குமுன் புருஷன் புது எண்ணெயை ஒரு கரண்டியில் ஊற்றி அவள் மூக்கருகே பிடிப்பார்.

“ஏதாவது தெரியுதா?”

அவள் தலையாட்டி மறுப்பாள். அவர் பாட்டிலை இறுக மூடி, தானாகவே இருட்டு அலமாரியில் வைப்பார். இத்தனை வருஷச் சண்டையில் அவள் ஜெயித்துவிட்டாள். பாட்டில் ஜன்னலிலேயே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்.