மீன் கழிவும் கொடியேற்றமும்

போன மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை இணுவில் சந்தியில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். இழுவைப் பெட்டி நிறைய குருநகர் மீன் கழிவு. பின்னால் ஸ்கூட்டியில் நான்.

சந்தியில் மாவிலைத் தோரணம். கோயிலில் கொடி ஏறி மூன்றாம் நாள். ஊரே விரதம். அதற்குள் செதிளும் குடலுமாக நாங்கள்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டார் சந்தியில் நின்ற ஒருவர். சத்தம் போடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பதில் இருந்தது... சொல்ல வெட்கமாக இருந்தது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

குருநகரில் மீன் வெட்டிக் கொடுக்கிறவர் ஸ்டெல்லா அக்கா. அவரோடு இன்னும் இரண்டு பெண்கள். மூன்று மேசை. கழிவெல்லாம் பின்னால் உள்ள வாய்க்காலில் போய்த் தேங்குகிறது. சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். மாத முடிவுக்குள் கழிவுக்கு ஒரு வழி செய்யாவிட்டால் மேசைகளை எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் மேசை போனால் மூன்று வீட்டு அடுப்பும் அணையும்.

இணுவிலில் சிவநேசன் அண்ணை. வெங்காயமும் மிளகாயும் செய்கிறவர். பையில் வருகிற இரசாயன உரம் போட்டுப் போட்டுத் தோட்டத்து மண் கட்டிப்பட்டுப் போயிற்று என்று கவலைப்படுகிறவர். மீன் கழிவு கிடைத்தால் போதும் என்று காத்திருந்தார்.

கரைக்குத் தொல்லை, தோட்டத்துக்குச் சாப்பாடு. இதைவிட நல்ல பொருத்தம் உண்டா? இதற்காகத்தான் எங்கள் வலையமைப்பு — கடற்தொழிலாளர், தோட்டக்காரர், மானிப்பாய்க் கடைக்காரர் சிலர், என்னைப் போல லப்டொப்பும் கையுமாக ஓடித் திரிகிறவர்கள். 'நிலைபேறான உள்ளூர்ப் பொருளாதாரம்' என்று பெயர்ப்பலகை எழுதினோம். லோகோ வரைந்தோம். லோகோவில் மீனின் வால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு முழுக் கூட்டமும் கதைத்தோம். சிரிக்காதீர்கள். அதிகம் கதைத்தது நான்தான்.

சரி, முதல் பயணத்துக்கு நாள் குறித்தது எப்படி? வெளிநாட்டிலிருந்து உதவி செய்கிற அன்பர் ஒருவர் வந்திருந்தார். அவருக்குச் செவ்வாய்க்கிழமைதான் வசதி. லான்ட்மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். எடுத்தார். போய்விட்டார்.

கல்யாணத்துக்கு, குடிபுகுவதற்கு, கிணறு வெட்டுவதற்கு — எதற்கும் பஞ்சாங்கம் பார்க்கிற ஊர் இது. கூட்டத்தில் பாதிப்பேர் சைவர்கள். ஒருவருக்குமா ஞாபகம் வரவில்லை?

வந்திருக்கிறது. "நான் வாட்ஸ்அப்பிலை போட்டனான், பிள்ளை" என்றார் சிவநேசன் அண்ணை. தேடினேன். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே கிடந்தது: 'அந்தக் கிழமை எங்கடை கோயில் திருவிழா. மீன் வேண்டாம்.' அதற்குக் கீழே மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டிருக்கிறோம். அதில் ஒன்று என்னுடையது.

கழிவு குருநகருக்கே திரும்பியது.

"கொண்டுபோனதை அப்பிடியே கொண்டந்திருக்கிறியள்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "போகேக்கை இவ்வளவு மணக்கேல்லை. மாதம் முடிய இன்னும் நாலு நாள், தங்கச்சி."

"செயற்குழுவைக் கூட்டுறம், அக்கா."

"கூட்டுங்கோ. நீங்கள் கூட்டி முடிக்க முதல் மேசையை ஏத்திப்போடுவினம். முதல் அந்தத் தோட்டக்கார அண்ணையின்ரை நம்பரைத் தாங்கோ."

மூன்று மாதமாக ஒரே அமைப்பில் இருக்கிறார்கள். ஒருவருடைய நம்பர் மற்றவரிடம் இல்லை. அக்காவிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப் குழுவில் அவர் இல்லவே இல்லை. யாருக்காகத் தொடங்கினோமோ, அவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே இருந்து கதைத்திருக்கிறோம். இதற்குப் பெயர் வலையமைப்பா?

என் போனில் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணை, நான் குருநகர் ஸ்டெல்லா. உங்கடை திருவிழா முடியுமட்டும் இதை என்ன செய்யிறது?"

"ஊருக்குள்ளை கொண்டுவரேலாது, பிள்ளை. உங்கை வெறுங்காணி ஏதும் இருக்கோ?"

"மாதா கோயில் காணி இருக்கு. பங்குச் சுவாமியிட்டைக் கேக்கலாம்."

"ஆழமாய்க் கிடங்கு வெட்டுங்கோ. ஒரு தட்டுச் சருகு, ஒரு தட்டுக் கழிவு, மேலை மண். மணக்காது. கொடி இறங்கினாப்போலை நான் வந்து ஏத்துறன்."

"வந்து காட்டமாட்டியளோ?"

"நான் விரதம். தொடமாட்டன்."

"ஆர் உங்களைத் தொடச் சொன்னது? வாயாலை சொல்லுங்கோ."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

சுவாமி சம்மதித்தார். அடுத்த நாள் காலை சிவநேசன் அண்ணை மாதா கோயில் காணியில் சைக்கிளில் வந்து இறங்கினார். நெற்றி நிறையத் திருநீறு. காற்றுக்கு மேல்பக்கமாகத் தள்ளி நின்றுகொண்டு, "இன்னும் ஆழம்... இன்னும் சருகு" என்றார். கடலால் வந்த தொழிலாளர்கள் வெட்டினார்கள்.

"அண்ணை, ஒரு மீன் பொரியல் தரட்டோ?" என்று சீண்டினார் ஒருவர்.

"கொடி இறங்கட்டும். ரெண்டாய்த் தா."

மாத முடிவில் பரிசோதகர் வந்தார். வாய்க்காலைப் பார்த்தார். கிடங்கைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போனார். மேசைகள் மூன்றும் அங்கேயே இருக்கின்றன.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. நாங்கள் இல்லாதிருந்தால் இது மூன்று மாதத்துக்கு முன்பே நடந்திருக்கும் அல்லவா?

செயற்குழுவோடு சண்டை பிடித்து ஒரு முடிவு எடுக்க வைத்திருக்கிறேன்: இனிக் கூட்டமெல்லாம் குருநகரில், மீன் வெட்டும் மேசையடியில்தான். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் செயற்குழுவில் ஒருவரிடமிருந்து ஒரு செய்தி...

'அங்கை புரொஜெக்டருக்கு பிளக் பொயின்ட் இருக்கோ?'