ளகரத்தைத் துரத்தினேன்

மும்பையிலிருந்து வந்து பாடும் பாடகிகள் தமிழைக் கடித்துத் துப்பினால் எனக்குக் கோபம் வராது. தெரியாது, பாடுகிறார்கள். வேப்பந்தட்டையில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போனவள் அப்படிப் பாடினால்? பற்றிக்கொண்டு வரும்.

கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்த காலம். பெரம்பலூரில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் ஏழு வருடமாக நான்தான் பெண்குரல். அவள் வந்து சேர்ந்த மூன்றே மாதத்தில் புதுப்பாட்டெல்லாம் அவளுக்குப் போய்விட்டது. எனக்குக் கடவுள் வாழ்த்தும் தாலாட்டும்தான் மிச்சம். வேனில் வரும்போது, "அக்கா, வூட்டுக்குப் போவ நேரமாயிரும் போல" என்று வாய் நிறைய நம் பேச்சுதான் பேசுவாள். மைக்கைப் பிடித்ததும் 'உள்ளம்' 'உல்லம்' ஆகிவிடும், 'வாழ்வு' 'வால்வு' ஆகிவிடும். வால்வு லாரி டயரில் இருப்பது என்று ஒருநாள் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் மாஸ்டரிடம் சண்டைக்கே போனேன்.

"சிடியில எப்படி இருக்கோ அப்படித்தானம்மா பாடணும்? நீ பாடுனா ரேடியோல யூரியா ஒரத்துக்கு விளம்பரம் பண்ற மாதிரி இருக்கு" என்றார்.

அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றிருந்தது. ஆனால் மேடையை விட மனசு வரவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அடுப்படியில் நின்றபடி, ழகரத்தையும் ளகரத்தையும் வாயிலிருந்து துரத்தினேன். ஆறு மாதம். வெட்கங்கெட்ட வேலைதான், யாரிடமும் சொல்லவில்லை.

செட்டிகுளத்தில் கோயில் விழா. பொழுது சாயும் நேரம், நல்ல கூட்டம். அவள் மைக்கைப் பிடித்துக் கொஞ்சினாள். "வணக்கம் செட்டிகுலம்!"

முன்வரிசையில் இருந்த விழாக்குழுப் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஏம்மா, கொளம்னா தண்ணி கெடக்குற கொளம். கொலம் கோத்திரமெல்லாம் இங்க யாரு கேட்டா? ஊர் பேர ஒழுங்கா சொல்லத் தெரிஞ்ச புள்ள யாராச்சும் இருந்தா பாடச் சொல்லுங்க சார்."

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவள் முகம் சிறுத்துப்போனதைக் கண்குளிரப் பார்த்தேன். மாஸ்டர் மைக்கைப் பிடுங்கி என் கையில் திணித்தார். போன பாட்டெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"வணக்கம் செட்டிகுலம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்னொரு முறை சொன்னேன். அதே குலம்தான் வந்தது. மைக்கை மாஸ்டரே வாங்கிக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் அவள் என் கையைப் பிடித்தாள். கேலி செய்திருந்தால் அறைந்திருப்பேன். நிஜமான கவலையோடு கேட்டாள்.

"நான் வேணும்னுதான்க்கா அப்படிச் சொல்றேன். எறங்கி வந்தா எனக்குச் சரியா வந்துருது. ஒங்களுக்கு என்னாச்சுக்கா?"