கிளைவ் வீட்டு ஆட்டக்காரன்

ரக்பி லீக் ஆட்டங்கள் நடக்கும் மாதங்களைவிட, நடக்காத மாதங்களில்தான் இங்கிலாந்துக் கடற்கரையிலிருக்கும் செல்கர்த் ஊர் ஆண்களுக்கு வாய் ஓயாது என்பாள் லோர்னா. ஆட்டம் இருந்தால் வாரத்துக்கு ஒரு நாள் கத்திவிட்டு வருவார்கள். குளிர்காலத்திலோ தினமும் சாயங்காலம் கிளப் பாரில் கூடி, யாரைச் சேர்ப்பது, யாரைக் கழற்றிவிடுவது என்று அணியைப் பிரித்துப் பிரித்துக் கட்டுவார்கள். அவள் கணவர் மெர்வின் ஃபியரன்தான் அந்தக் கூட்டத்துக்கு நாட்டாமை.

அதற்குக் காரணம் அவருடைய டயர் கடை. துறைமுகச் சாலையில் வேறு டயர் கடை கிடையாது. பயிற்சியாளர், கேப்டன், கிளப் தலைவர் எல்லோரும் அங்கேதான் வந்தாக வேண்டும். காரை ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்திவிட்டால் ஆள் எங்கே ஓட முடியும்? டயர் மாற்றி முடிப்பதற்குள் மெர்வின் விஷயத்தைக் கறந்துவிடுவார். யார் போகிறான், யார் வருகிறான் என்பது பத்திரிகைக்குத் தெரியும் முன்பே பாரில் அவர் வாயிலிருந்து வரும். "அண்ணே, புதுசா ஏதாவது?" என்று கேட்டுக்கொண்டு யாராவது ஒரு கிளாஸ் பியரை அவர் முன்னால் வைப்பார்கள். அவரும் ஒரு வாய் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகத்தான் ஆரம்பிப்பார்.

பக்கத்தில் எப்போதும் கிளைவ் டின்னியன் இருப்பார். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர்கள். மைதானத்திலும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தே வயதானவர்கள். கிளைவ் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு பேச்சு இன்னும் குறைந்துபோயிற்று. மெர்வின் பேசுவார், கிளைவ் தலையாட்டுவார். அது அப்படியே பழகிவிட்டது.

அந்த வருஷம் செல்கர்த் அணி படுதோல்வி கண்டு கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். அதில் இருவரை வடக்கே இருக்கிற எதிரி ஊர்க்காரர்களே கொத்திக்கொண்டு போனார்கள். புதிதாக வந்த பயிற்சியாளர் அடியிலிருந்து அணியைக் கட்டுவதாகச் சொல்லியிருந்தார். நவம்பரில் ஒரு நாள் பாரில் நல்ல கூட்டம். மெர்வின் தொண்டையைச் செருமினார்.

"முன்வரிசைக்கு ஒருத்தன் வர்றான். பப்புவா நியூ கினியாக்காரன். ஆள் கதவு மாதிரி இருப்பானாம்."

"கதவுன்னா தொறந்துக்காம இருக்கணுமே," என்றார் நோபி. மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிறவர், நாக்கு அதைவிடக் கூர். "போன வருஷம் நீங்க சொன்ன ஆஸ்திரேலியாக்காரனும் கதவுதான். எல்லாரும் அவன் வழியா உள்ள போயிட்டு வந்தாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "இவன் அப்படியில்ல," என்றார் மெர்வின். "பேருதான் இன்னும் சரியாத் தெரியல."

"ஜூனியாஸ் கௌபா," என்றார் கிளைவ். "வியாழக்கிழமை வர்றான்."

மெர்வின் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படிடா தெரியும்?"

"எங்க வீட்லதான் தங்கப்போறான். கிளப் செக்ரட்டரி ஹிலரி கேட்டாங்க. மாடி ரூம் சும்மாதானே கிடக்குன்னு சரின்னுட்டேன்."

அவ்வளவுதான். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிளைவ் பக்கம் திரும்பின. எத்தனை வயசு, கல்யாணம் ஆகிவிட்டதா, என்ன சாப்பிடுவான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நோபி ஒரு பியரை வாங்கிக்கொண்டு வந்து கிளைவ் முன்னால் வைத்தார். மெர்வினுடைய கிளாஸ் காலியாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெர்வின் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றார். "நம்ம வீட்ல ரெண்டு ரூம் காலியா இருக்கு. ஹீட்டர் இருக்கு. நீ வேற நல்லா சமைக்கிற. அவங்க போய் அந்த ஒண்டிக்கட்டைகிட்டக் கேக்கறாங்க."

"நீங்க ஹிலரிகிட்ட நம்ம வீட்லயும் இடம் இருக்குன்னு சொல்லியிருந்தீங்களா?"

"சொல்லணுமா? கிளப்புக்காக இத்தனை வருஷம் உழைச்சவனுக்கு அவங்களாத் தர வேண்டாமா?"

"டயரு கழட்டினீங்க, வாயைக் கிளறினீங்க. அதுக்குப் பேரு உழைப்பா?" என்றாள் லோர்னா. "கைய கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது."

ஜூனியாஸ் வந்தான். உண்மையிலேயே கதவு மாதிரிதான் இருந்தான். கழுத்தும் தோளும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. முதல் வாரப் பயிற்சியிலேயே பழைய ஆட்டக்காரர்கள் மூன்று பேரைச் சேற்றில் உருட்டினான் என்று ஊர் பேசியது. ஆனால் ஆள் சாது, மெதுவாகப் பேசுவான். அவன் ஊர்ப்பக்கம் எல்லோரும் தோட்டக்காரர்கள். கிளைவுக்கு ரயில் பாதை ஓரத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தது, உருளைக்கிழங்கும், வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸும் போடுவார். வந்த மறுநாளே ஜூனியாஸ் அங்கே போய் மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டானாம். கிளைவும் மளிகைக் கடைக்காரியிடம் சொல்லி, அவனுக்காகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வரவழைத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சுட்டுத் தருகிறாராம்.

இதையெல்லாம் மெர்வின் அடுத்தவர் சொல்லித்தான் கேட்டார். அதுதான் அவரை அதிகம் உறுத்தியது. பாரில் இப்போது எந்தச் சேதியானாலும் "கிளைவ் என்ன சொல்றாரு?" என்றுதான் கேட்டார்கள். நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தப்போகிற புது ஹாஃப்பேக் யார் என்பதைக் கிளைவ்தான் முதலில் சொன்னார். கேப்டன் பதவி யாருக்கு என்பதையும் கிளைவ்தான் சொன்னார். அதையும் நாலே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார். அவ்வளவு நல்ல சேதியை இப்படி வீணடிக்கிறானே என்று மெர்வினுக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூனியாஸைக் கிளைவே பாருக்குக் கூட்டி வந்தார். மெர்வின் எழுந்து கை குலுக்கி, "நான் மெர்வின். இவனோட ரொம்ப நாள் சிநேகிதன்," என்றார்.

"தெரியும் சார். அப்பா சொல்லியிருக்காங்க," என்றான் ஜூனியாஸ்.

"எந்த அப்பா?"

ஜூனியாஸ் சிரித்துக்கொண்டு கிளைவின் தோளில் கை போட்டான். கிளைவ் காது வரைக்கும் சிவந்துபோனார். ஆனால் கையை விலக்கவில்லை. பிள்ளை இல்லாத மனுஷன். மெர்வினுக்கும் பிள்ளை இல்லை. அன்றைக்கு அவர் பாதி பியரை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஜனவரியில் ஜூனியாஸுக்குச் சளி பிடித்தது. அந்தக் கடற்கரைக் காற்றில் ஊரே இருமிக்கொண்டிருந்த நேரம். கிளைவ் வீட்டு மாடி அறையில் ஜன்னல் ஓரம் சுவர் ஈரம் பூத்திருக்கும், அது மெர்வினுக்கு வெகு காலமாகத் தெரியும். ஹிலரி மோஃபட் தன் காருக்கு டயர் மாற்ற வந்தாள். மெர்வின் காரைத் தூக்கி நிறுத்திவிட்டு, போல்ட்டைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"பையன் ரொம்ப இருமறானாமே. கிளைவ் வீடு பழைய வீடு. மாடியில பூஞ்சைன்னா அப்படியொரு பூஞ்சை. சிநேகிதன் வீட்டைப் பத்தி நான் சொல்லக்கூடாது. ஆனா நெஞ்சுல தங்கிட்டா இந்த சீசனே போச்சு. கிளப்போட முதலாச்சே, அதான் சொல்றேன்."

ஹிலரி முகம் மாறியது. "வேற எங்க வைக்கறது?"

"எங்க வீட்ல ரெண்டு ரூம் காலிதான்," என்று சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சனிக்கிழமை கிளைவே ஜூனியாஸைக் கூட்டி வந்தார். பையையும் அவரே தூக்கி வந்தார். வாசலில் வைத்துவிட்டு, "காலைல டீக்கு முன்னாடி பேசமாட்டான். அதுக்கப்புறம் நல்லாப் பேசுவான்," என்று மட்டும் சொன்னார். மெர்வின் "உள்ள வாடா" என்றார். கிளைவ் வரவில்லை.

லோர்னா அன்றைக்கு ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் ரத்தத் தொத்திறைச்சியும் சேர்த்து அடுப்பில் வேகவைத்தாள். ஜூனியாஸ் மூன்று தட்டு சாப்பிட்டான். "ரொம்ப நல்லா இருக்கும்மா," என்று அவளிடம் சொன்னான். பிறகு மெர்வினைப் பார்த்து, "நன்றி சார்," என்றான்.

"சார்லாம் எதுக்குப்பா? மெர்வின்னே கூப்பிடு."

"சரி சார்."

மெர்வின் மறுநாள் பாருக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். மறுபடியும் பியர் வந்தது, கேள்விகள் வந்தன. ஆனால் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. ஜூனியாஸ் வீட்டில் இருந்தால்தானே? பயிற்சி முடிந்ததும் நேரே ரயில் பாதை ஓரத் தோட்டத்துக்குப் போய்விடுவான். இருட்டினால் கிளைவ் வீட்டில் உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பார்ப்பான். தூங்குவதற்குத்தான் மெர்வின் வீட்டுக்கு வருவான். பெரிய டிவி வாங்கி வைத்தார் மெர்வின். "ரொம்பத் தெளிவா இருக்கு சார்," என்று ஐந்து நிமிஷம் மரியாதைக்கு நின்று பார்த்துவிட்டு மாடிக்குப் போனான்.

கடை வேனை எடுத்துக்கொண்டு மெர்வின் வேண்டுமென்றே அந்த ரயில் பாதை வழியாகப் போவார். இரண்டு பேரும் குனிந்து மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பார்கள். கிளைவ் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். பேசவே தெரியாத கிளைவ். அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கும். அப்படி என்னதான் சொல்கிறான் என்று கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார், காற்றுச் சத்தம்தான் கேட்கும்.

சீசன் தொடங்கியது. கிளைவ் பழைய இடத்துக்கு வரவில்லை. கடல் பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஜூனியாஸ் ஆடிய ஆட்டத்தில் அணி தூக்கி நிறுத்தப்பட்டது. எதிரணிக் கோட்டைத் தாண்டி விழுந்து பந்தைத் தரையில் வைத்து அவன் டிரை போட்டால், எழுந்து, சேற்றுக் கையைக் கடல் பக்கம் காட்டுவான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்ற மெர்வினிடம் நோபி கேட்டார்: "சோறு போடறது நீங்க, சலாம் அங்கயா?"

செப்டம்பரில் அணி மறுபடி மேல் பிரிவுக்கு ஏறியது. மைதானத்தில் புல் வளர விட்டார்கள், பாரில் நாற்காலிகள் நிரம்பின. அடுத்த வருஷத்துக்கு யார் யார் என்ற பேச்சு ஆரம்பித்தது. "முன்வரிசையைப் பத்திக் கவலையே வேண்டாம்," என்றார் மெர்வின். "ஜூனியாஸ் இருக்கான். அவனைச் சுத்தி மத்தவங்களை வச்சா போதும்."

நோபி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அண்ணே, தெரிஞ்சு பேசறீங்களா, தெரியாமப் பேசறீங்களா? அவனை லங்காஷயர்ல பெரிய கிளப் எடுத்துடுச்சு. இப்பதான் ரேடியோவுல சொன்னாங்க."

"எவன் சொன்னாலும் பொய். என் வீட்டு மாடியில தூங்கறான். எனக்குத் தெரியாமலா?"

அப்போதே நாலைந்து போன்களில் படத்தோடு செய்தி வந்து நின்றது. புதுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஜூனியாஸ் சிரித்துக்கொண்டிருந்தான். ஒருவரும் மெர்வினைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நேரே தோட்டத்துக்குப் போனார். கிளைவ் காய்ந்த கொடிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். போன வாரமே சொன்னான். கையெழுத்து ஆகறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னான். சொல்லல."

"என்கிட்டயுமா? ஒரே வீட்ல இருக்கேன்டா நான்."

"உன்கிட்ட சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி. அது அவனுக்கே தெரியும், நான் சொல்லிக் குடுக்கல." கிளைவ் கையுறையைக் கழற்றினார். "மெர்வ், எங்க வீட்டுச் சுவரு ஈரம்தான். நீ ஹிலரிகிட்ட பொய் சொல்லல. ஆனா அதை என்கிட்ட வந்து சொல்லியிருந்தா, ஒரு பெயின்டரை வச்சு முடிச்சிருப்பேன்."

மெர்வினுக்கு முகம் சுட்டது. மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தார். வந்தது வேறு. "உன்ன மட்டும் ஏன்டா அப்பாங்கறான்? டிவி வாங்கினேன், ஹீட்டரை ராத்திரி பூரா எரிய விட்டேன். என்ன குறை வச்சேன்?"

"அவனையே கேளேன்."

"கேக்க முடியுமாடா இதையெல்லாம்?"

கிளைவ் குனிந்து, கொடிகளைக் குவித்துத் தீ வைத்தார். மெர்வின் போகவுமில்லை, உதவவுமில்லை, புகை கண்ணில் படும்படி அங்கேயே நின்றார்.

ஜூனியாஸ் கிளம்பிய அன்று லோர்னா அழுதாள். அவன் அவளைக் கட்டிக்கொண்டான். ரயில் நிலையத்துக்கு மெர்வின்தான் வேனில் கொண்டுபோய் விட்டார். தெருமுனை திரும்புவதற்கு முன்பே, "அப்பாவையும் ஏத்திக்கலாமா சார்?" என்று கேட்டான். ஏற்றிக்கொண்டார்கள். நடைமேடையில் மெர்வினிடம் இரண்டு கையாலும் கை குலுக்கி, "உங்க வீட்ல எனக்கு ஒரு குறையும் இல்ல சார்," என்றான். மனசாரத்தான் சொன்னான். அப்புறம் கிளைவிடம் போய் அவர் தலைமேல் தன் தாடையை வைத்துக்கொண்டு நின்றான். மெர்வின் கால அட்டவணையைப் படித்தார்.

திரும்பி வரும்போது வேனில் இருவர் மட்டும். மெர்வின் கேட்டார்: "அந்த இடத்துக்கு யாரைப் போடுவாங்கன்னு நினைக்கிற?"

"ஃபிஜிக்காரன் ஒருத்தனைப் பாக்கறாங்கன்னு பேச்சு."

"அவன் முட்டி சரியில்லையாம்."

"முட்டி இல்ல, கணுக்கால்."

"முட்டிதான்டா. கேப்டனே சொன்னான்."

"சரி, முட்டி."

அப்போது கிளைவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மெதுவாகச் சிரித்தார். திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

மெர்வின் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார். பாலம் தாண்டும் வரை பொறுத்தார். "என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

மெர்வின் கியரை மாற்றினார். அது ஒரு சத்தம் போட்டது. "லோர்னா உனக்கும் சேர்த்துதான் சமைச்சிருக்கா," என்றார். "வர்றியா, வீட்ல எறக்கிவிடணுமா?"

"வர்றேன்," என்றார் கிளைவ்.