கண்ணாடிப் பெட்டியில் என் காது

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்களே, அந்தக் கெட்ட காலம் முடிந்து மறுபடியும் ஆள் எடுக்க ஆரம்பித்த சமயத்தில் நடந்தது இது. மலாக்காவில், ஜாசினுக்கும் செலண்டாருக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் நான் பால்வெட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தால் அதிகம். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். அழகாக இருக்கும் என்று நினைத்து எதையும் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது ராமநாதபுரம் சீமையில். எங்கள் பக்கத்தில் பெண் குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே காதில் துளை போட்டுப் பஞ்சைத் திரித்து வைப்பார்கள். புண் ஆறியதும் கனமான ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு, வருஷக்கணக்கில் காதை வளர்ப்பார்கள். தோளைத் தொடுகிற மாதிரி காது இறங்கி, அதில் பாம்படம் ஆடினால்தான் பெண்ணுக்கு லட்சணம். காது வளர்க்காதவளை மூளி என்பார்கள், பெண் கேட்டு வாசல்படி ஏறமாட்டார்கள். அம்மா என் காதுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடும்போது நான் வலி தாங்காமல் கத்துவேன். "கத்துனா கத்து, காதாவது அழகா இருக்கட்டும்" என்பாள். முகம் சுமார்தான் என்பதை அவள் அப்படிச் சொல்வாள்.

ஆகவே கப்பலில் நான் மலாயாவுக்கு வந்தபோது என் காது பெருமையோடுதான் வந்தது. இறங்கிய இடத்தில்தான் அதற்கு மரியாதை இல்லாமல் போயிற்று.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரசர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, பிள்ளைப்பேறு பார்ப்பது எல்லாம் அவர்தான். அவருடைய மனைவி படித்தவர். கோணல் வகிடு எடுத்து, கை உப்பிய ரவிக்கை போட்டு, காதில் பொட்டு மாதிரி ஒரு சிவப்புக்கல் தோடு போட்டிருப்பார். அந்த அம்மா யாரையும் இப்படி உடுத்து, அப்படி வாரு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சாயங்காலம் நாங்கள் குடியிருந்த லயத்து வழியாக ஒரு நடை நடந்தால் போதும், மறுவாரம் பத்துப் பெண்களுக்கு வகிடு கோணலாகிவிடும். பிறகு உப்பிய கை வந்தது. பிறகு முகத்துக்குப் பவுடர் வந்தது, சிலர் அதைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் காதுக்கு வந்தார்கள். தொங்கும் சதையை வெட்டித் தைத்துச் சின்னக் காதாக ஆக்கிவிட டிரசருக்குத் தெரியும் என்று செய்தி பரவியது. அப்புறம் வாரத்துக்கு ஒருத்தி காதில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நிற்பாள்.

என்னோடு பால்வெட்டிய பெண்கள் என் காதில் ஊஞ்சல் கட்டலாம் என்பார்கள். ஊரில் காது வளர்க்காதவளைப் பார்த்துச் சிரித்தார்கள், இங்கே வளர்த்தவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நடுவில் இருந்தது ஒரு கடல்தான். எனக்குக் கோபமாக வரும். ஆனாலும் நான் தைத்துக்கொள்ளவில்லை. அம்மா வளர்த்த காதை எதற்காக வெட்டுவது என்று வீம்பாக இருந்தேன்.

என் வீட்டுக்காரர் என் அத்தை மகன்தான். தோட்டத்து லோரி ஓட்டினார். ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய் வருகிறவர், அதனால் நாலு நாகரிகம் தெரிந்தவர் என்று அவருக்கு நினைப்பு. கிராப்பு வெட்டி எண்ணெய் தடவிச் சீவியிருப்பார். நல்ல மனிதர், கை நீட்டியதில்லை. ஆனால் என்னோடு வெளியே வர வெட்கப்படுவார். "தைச்சுக்க புள்ள, பட்டிக்காடு மாதிரி இருக்கு" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். கல்யாணமானவர்கள் ஸ்டூடியோவுக்குப் போய் ஜோடியாகப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது அப்போது புதிதாக வந்த வழக்கம். எனக்கு அந்தப் படத்தின் மேல் ரொம்ப ஆசை. காதைத் தைத்த பிறகு எடுக்கலாம் என்று அவர் தள்ளிக்கொண்டே போனார்.

இதற்கிடையில் ஒருநாள் டவுனிலிருந்து ஒரு படக்காரர் தோட்டத்துக்கு வந்தார். பெரிய துரை அழைத்து வந்திருந்தார். ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரையும் மரங்களையும் படம் எடுத்துக்கொண்டே வந்தவர், நான் வெட்டும் மர நிரைக்கு வந்ததும் நின்றுவிட்டார். துரை ஏதோ சொன்னார். கங்காணி என்னை ஒரு மரத்தின் பக்கத்தில் நிற்கச் சொன்னார். படக்காரர் வந்து என் முக்காட்டைத் தள்ளி, மோவாயைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினார். அந்நிய ஆண் கை பட்டதில் எனக்கு உடம்பு கூசியது. மரத்தைத்தான் எடுக்கிறார்கள், உயரம் தெரிய என்னை நிறுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கோடு போட்ட மரத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது, என் கவலை எல்லாம் அதில் இருந்தது.

அந்த வருஷம் மாசி மகத்துக்கு மலாக்கா டவுனுக்குப் போனோம். என் நச்சரிப்புத் தாங்காமல், காது எப்படி இருந்தாலும் சரி, படம் எடுத்துவிடலாம் என்று இவர் இறங்கி வந்திருந்தார். சாமி கும்பிட்டுவிட்டு, மாடியில் ஸ்டூடியோ உள்ள ஒரு கடைக்குப் போனோம். கீழே பேனா, காகிதம், பொம்மை எல்லாம் விற்றார்கள். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் தபால் அட்டைப் படங்கள். மாட்டுவண்டி, குன்றுமேல் இடிந்த கோயில், மலாய்க்காரர் வீடு, தென்னை மரம் என்று வரிசையாக இருந்தன. தென்னை மரத்துக்குப் பக்கத்தில் நான் இருந்தேன்.

முதலில் யாரோ என்றுதான் பார்த்தேன். பிறகு பாம்படத்தைப் பார்த்தேன், என்னுடையதில் ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கும். அதுவும் அதில் இருந்தது. மரத்தைக் காணோம். முகம்கூடப் பாதிதான். மீதி முழுக்கக் காது. நடுத்தெருவில் கட்டிய துணி கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அதுவும் ஒரு படம் இல்லை, கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். கீழே இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. என்ன போட்டிருக்கிறது என்று இவரைக் கேட்டேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். "தமிழ்க் கூலிப் பொம்பளைன்னு போட்டிருக்கு" என்றார். பேர் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். இந்தக் கதையிலும் என் பேர் இல்லைதான், ஆனால் இதில் நானாக மறைத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரி கடைக்குள் வந்தாள். காரில் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள்போல் இருந்தது. அட்டைகளைப் புரட்டியவள் என் படத்தை எடுத்தாள், நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. கிட்டே வந்து, கேட்காமல் கொள்ளாமல், ஒரு விரலால் என் பாம்படத்தைத் தூக்கி எடை பார்த்தாள். பாசாரில் கோழி வாங்கும்போது அப்படித்தான் தூக்கிப் பார்ப்போம். பிறகு இவரிடம் மலாயில் ஏதோ சொன்னாள்.

நான் இவரைப் பார்த்தேன். கையைத் தட்டிவிடுவார், அட்டையைப் பிடுங்குவார், ஒன்றும் இல்லாவிட்டால் என்னை இழுத்துக்கொண்டு வெளியேறுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார். துரை வந்தால் லோரி பக்கத்தில் நின்று சிரிக்கிற அதே சிரிப்பு.

"கொஞ்சம் திரும்பு புள்ள. ஒரு நிமிஷந்தான்."

படத்தைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சி ஒன்றுமில்லை. இந்த வார்த்தையில்தான் எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போயிற்று. ஒரு வருஷமாக அந்தக் காதை வெளியே காட்டாதே என்றவர் அவர். ஒரு வெள்ளைக்காரி கேட்டதும் திருப்பிக் காட்டச் சொல்கிறார். நான் திரும்பவில்லை. முந்தானையை இழுத்துத் தலையையும் காதையும் மூடிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டேன். ஜோடிப் படமும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது இவர் ஏதேதோ பேச்சுக் கொடுத்தார், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். படம் போனால் போகிறது. யார் கேட்டாலும் என்னைத் திருப்பிக் காட்டுகிற மனிதரோடு ஆயுசுக்கும் எப்படிக் குடும்பம் நடத்துவது? எனக்கு அதுதான் கேள்வியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், நாளைக்கே காதைத் தைத்துக்கொள்ளப் போகிறேன் என்றேன். தொங்குகிற காது இல்லாவிட்டால் அந்த அட்டையில் இருப்பது நான் என்று எவருக்கும் தெரியாது. இவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாய் தானா வந்துருச்சு புள்ள. அவங்க கேட்டா முடியாதுன்னு சொல்லிப் பழக்கமே இல்ல."

அதைக் கேட்டு எனக்கு மனம் இளகவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

டிரசர் கத்தரியைக் கொதிதண்ணீரில் போட்டுவிட்டு என் காதைப் புரட்டிப் பார்த்தார். பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஆர் பிள்ளை தைக்கச் சொன்னது? உன்ர மனுசனோ?"

சாதாரணக் கேள்விதான். யார் என்று எண்ணிப் பார்த்தேன். நேற்றுவரை மனுசன் சொன்னார், நான் மாட்டேன் என்றேன். இன்றைக்கு அவர் சொல்லவில்லை, நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்த வெள்ளைக்காரி சொன்னாளா? அவள் தைக்காதே என்றல்லவா சொல்வாள். கேலி பேசிய பெண்களா, படக்காரரா? யோசிக்க யோசிக்க எல்லார் முகமும் வந்தது, என் முகம் மட்டும் வரவில்லை. கடைசியில், பஞ்சு சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவியைக் காட்டினேன். அந்த அம்மாவைப் பார்த்துத்தானே இந்தத் தோட்டமே காதைத் தைத்துக்கொண்டது என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன்.

அந்த அம்மா பஞ்சைக் கீழே வைத்தார். கிட்டே வந்து குனிந்து, தன் தோட்டைக் கழற்றிக் காதைக் காட்டினார். சிவப்புக்கல் இருந்த இடத்துக்குக் கீழே, நூல் கனத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது.

"என்ர காதும் வளர்த்த காதுதான் பிள்ளை. பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க தைச்சுவிட்டவை. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

இத்தனை பெண்கள் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டது அந்தக் காதைத்தான். அதைப் பார்த்து வெட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர், நானும் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காதே யாரோ வெட்டச் சொல்லி வெட்டிய காது. டிரசருக்கும் இந்த விஷயம் அதுவரை தெரியாது என்று நினைக்கிறேன், கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் லோரி நின்றது. இவர் உள்ளே வரப் பயந்து, வெளியிலேயே நின்றிருந்தார். என் காதைப் பார்த்தார், லோரிக் கதவைத் திறந்துவிட்டார்.

ஆனாலும் எனக்கு அவரிடம் பேச்சு வர நாளாயிற்று. சோறு போடுவேன், பேசமாட்டேன். ஒருநாள் அவரே, வா, படம் எடுத்துவிட்டு வரலாம், வேறு கடை பார்த்திருக்கிறேன் என்றார். போனோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் நின்றேன். ஜோடிப் படம் முடிந்ததும் அந்தப் படக்காரரும் என் காதையே பார்த்தார். இந்த அம்மாவை மட்டும் பக்கவாட்டில் ஒன்று எடுக்கிறேன், சும்மாவே எடுத்துத் தருகிறேன் என்று இவரிடம் குழைந்தார். இவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வருகிறதா என்று பார்த்தேன். வரத்தான் பார்த்தது. பாதியில் நின்றுவிட்டது.

"அவ திரும்ப மாட்டா" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது என்று நான் என் மகளிடம் சொல்வதுண்டு.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தக் காது இப்போது எனக்கு இல்லை. பிள்ளைகள் பிறந்து, ஒவ்வொன்றும் மடியில் உட்கார்ந்து பாம்படத்தைப் பிடித்துத் தொங்க, வலி பொறுக்க முடியாமல் நானே போய்த் தைத்துக்கொண்டேன். யார் சொன்னது என்று டிரசர் மறுபடியும் கேட்டார். நான்தான் என்றேன். அவர் மனைவி சிரித்துக்கொண்டே பஞ்சு எடுத்துக் கொடுத்தார்.

ஜோடிப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் இரண்டு காதும் தொங்க, நான் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இன்றைக்கு என் பேத்திகள் எதையாவது புதிதாக வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் வந்து நின்றால் நான் திட்டுவதில்லை, டிரசர் கேட்டதைத்தான் கேட்கிறேன். கடல் தாண்டி யார் வீட்டிலோ என் காது இன்னும் பக்கவாட்டில் திரும்பியபடியே இருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம், சுவரில் இருக்கும் ஜோடிப் படத்தின் முன்னால் போய் என் முகத்தை ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டு வருகிறேன்.